நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?

ஆவின் பாக்கெட் பக்கத்து வீட்டு அக்கா வாசப்படியிலேயே கிடந்தது. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. மணி ஆறே கால் இருக்கும். அக்கா ஐந்து மணிக்கெல்லாம் கதவைத் திறந்து முற்றம் தெளித்துவிடுவார், மழை, காய்ச்சல் எதுவும் பார்க்கமாட்டார், 31 வருஷத்தில் அவருக்கு முன்னால் நான் எழுந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் பல் துலக்கிக்கொண்டே பாக்கெட்டைப் பார்த்தேன். ராத்திரி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட உட்கார்ந்து லேட்டாகத் தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் உலையும் வைத்துவிட்டேன்.

திரும்ப வந்து பார்த்தபோதும் பாக்கெட் அங்கேயே இருந்தது. சுவரைத் தட்டினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இரண்டு தட்டு தட்டினால் 'இங்க வா', மூன்று தட்டினால் 'குழம்பு இருக்கு, கிண்ணம் எடுத்துட்டு வா'. பதில் இல்லை. பின்வீட்டுப் பையன் ஜன்னல் வழியாகக் குச்சியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினான். பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் கண்ணாடி மடித்து வைத்தபடி இருந்தது. காலைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

108-க்குப் போன் போட்டோம். சீக்கிரமே வந்தார்கள், குறை சொல்ல முடியாது. பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டது, இனி நாங்கள் ஏற்ற முடியாது என்றார்கள். கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டே அந்தத் தம்பி கேட்டார், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

பக்கத்து வீடு என்றேன்.

"அது சரிம்மா. சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

அந்தக் கேள்வியை அந்த வாரத்தில் நாலு பேர் கேட்டார்கள். தப்பாகக் கேட்டவர் ஒருவர்தான். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் காம்பவுண்டு. ஆறு வீடு, ஒரு முற்றம், ஒரு அடிபைப்பு. 1993-இல் நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கு இருபத்து மூன்று, அக்காவுக்கு முப்பத்தாறு. எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பது வந்த மறுநாளே காம்பவுண்டு முழுக்கத் தெரிந்துபோனது, ஆனால் அதை மாமியார் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது அக்காதான். பெரியவனுக்குச் சளி பிடித்த மழைக்காலம் முழுக்க முள்முருங்கை இலை அரைத்துப் பூரி சுட்டுக் கொடுத்தார். சௌராஷ்டிரர் வீட்டுப் பலகாரம் அது, எங்கள் ஏரியாவில் சாயங்காலம் ரோட்டோரத்திலேயே சுட்டு விற்பார்கள், ஆனால் அக்கா கைப்பூரிக்கு முன்னால் அதெல்லாம் சும்மா. 2006-இல் அவர் வீட்டுக்காரர் இறந்தார். பிள்ளைகள் இருவரையும் கரையேற்றியது முழுக்க அவர் விரல்கள்தான்.

சுங்குடி கட்டுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைத் துணியில் புள்ளி குறித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு புள்ளியாக விரல்நுனியில் கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். கடுகளவுதான் துணியைத் தூக்கணும், கூடிப்போனால் சாயம் ஏறாத வட்டம் பெரிசாகிவிடும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நான் ஆசைப்பட்டு ஒரு தடவை உட்கார்ந்தேன், ஒரு வரிசை முடிப்பதற்குள் அக்கா நாலு வரிசை முடித்துவிட்டு என்னுடையதைப் பார்த்து, "ஏம்மா, இது சுங்குடியா, வடை தட்டி வச்சிருக்கியா" என்றார். என்னோடு தமிழில்தான் பேச்சு, சண்டைகூடத் தமிழில்தான், ஆனால் முடிச்சை எண்ணும்போது மட்டும் உதட்டுக்குள் அவருடைய சௌராஷ்டிர மொழி வந்துவிடும். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பிற்பாடு பேப்பரில் பார்த்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அதுல முடிச்சுக் கூலி எவ்வளவு கூடும்?" என்றார்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். இதே நிலைமையில் நாளைக்கு யாராவது நிற்கலாம், எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வீட்டில் இறந்தவருக்கு, என்ன காரணத்தால் இறந்தார் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். இறப்பைப் பதிய அது வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரைப் போய்க் கூப்பிட்டோம், முன்பின் பார்க்காத பேஷன்ட்டுக்கு நான் எழுதமாட்டேன் என்றுவிட்டார். அப்போது கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம், காரணம் தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? சந்தேகம் என்று வந்துவிட்டால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் என்று போய்விடும். எங்கள் நல்ல நேரம், அக்கா சுகருக்கும் பிரஷருக்கும் பத்து வருஷமாக ஒரே டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தார், அந்தச் சீட்டுகளை எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் ஓடினார். அந்த டாக்டர் தன் ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டார். பார்த்துவிட்டு, ராத்திரி ரெண்டு மூணு மணிக்குப் போயிருக்கும், தூக்கத்திலேயே ஹார்ட் நின்றிருக்கு, நீங்கள் ஆறு மணிக்குத் தட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்கவே இல்லை, முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறார். உங்கள் பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யாராவது இருந்தால், மெடிக்கல் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஒரே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுப் பை எங்கே தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

டாக்டர் சொன்ன அந்த ரெண்டு மூணு மணி என்பது எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. மத்தியானம்தான் அது வேறு மாதிரித் திரும்பி வந்து குத்தியது.

அக்கா கண்ணைக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷன் பண்ணிவிட்டு வந்த அன்று, கண்ணில் பச்சைத் துணியோடு திண்ணையில் உட்கார்ந்து சொன்னது. "எத்தனை லட்சம் முடிச்சுப் பார்த்த கண்ணு, நெருப்புல போட வேணாம், யாருக்காவது குடுத்துரு." ஆபரேஷன் பண்ணின கண்ணை எடுப்பார்களா என்று நான் சந்தேகப்பட்டேன், அவரே அங்கே கேட்டு வைத்திருந்தார். எடுப்பார்கள். புரை ஆபரேஷனும் தடையில்லை, கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம், வயசும் கணக்கில்லை. மற்றவருக்குப் பொருத்துவது கருவிழியைத்தான்.

அவ்வளவும் தெரிந்தும் அன்றைக்குக் காலையில் எனக்கு ஞாபகம் வரவில்லை. பிள்ளைகளுக்குப் போன் பண்ணுவது, டாக்டர், பெட்டி, சாமியானா என்று ஓடிக்கொண்டே இருந்தேன். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கி, அம்மா முகத்தைப் பார்த்து அழுது ஓய்ந்து, கண்ணாடியைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மணி மூன்று. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் உண்டு. விடிகாலை இரண்டு மூன்று என்றால் எட்டு, மிஞ்சிப்போனால் ஒன்பது மணி வரை நேரம் இருந்திருக்கிறது. ஏழு மணிக்கு நான் ஒரு போன் போட்டிருந்தால் போதும், கண் வங்கிக்காரர்களே வீட்டுக்கு வருவார்கள், கால் மணி, இருபது நிமிஷ வேலை. ஆனால் நான் சொல்லி அவர்கள் எடுக்க முடியாது, பிள்ளைகள் சம்மதம் வேண்டும். மகளிடம் அக்கா இதைச் சொல்லவே இல்லையாம். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார், நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே, உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் அன்றைக்கே அவர் பிள்ளைகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். கண் வங்கி நம்பரை வாசக்கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள், போனில் பதிந்து வைத்தால் அந்தப் பதற்றத்தில் தேட வராது. அவர்கள் வரும்வரை ஃபேனை அணைத்துவிட்டு, இமையை மூடி மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்துக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். நான் இதை எல்லாம் தெரிந்துகொண்டது அப்புறம்.

மகன் மஸ்கட்டில். மறுநாள் மத்தியானம்தான் வர முடியும் என்றான். குளிர்ப்பெட்டி வந்தது, அக்கா வீட்டு நடைக்குள் நுழையவில்லை, முற்றத்தில் வைத்தோம். அவர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல பிளக், அதுவும் பொறி பறக்கிற பிளக். என் வீட்டிலிருந்து ஒயர் இழுத்தோம். ஐப்பசி மாசம், தரை முழுக்க ஈரம், பெட்டிக்கு அடியிலும் தண்ணீர் கோத்துக்கொண்டே இருந்தது, குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். மூன்றாம் வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி வந்து சத்தம் போட்டு ஒயரைச் செங்கல் மேலே தூக்கிவிட்டு, எர்த் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் போனான். துக்க வீட்டில் இதை எல்லாம் யாருக்கும் பார்க்கத் தோன்றாது, யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். அந்த ராத்திரி முழுக்க என் வீட்டுக் கரண்டில் அந்தப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எடுக்கும்வரை எங்கள் காம்பவுண்டில் யாரும் அடுப்பு மூட்டமாட்டோம். அன்று காலை நான் வைத்த உலையையும் இறக்கிக் கொட்டியாயிற்று. வருகிறவர்களுக்குக் காப்பி அடுத்த தெருவில் போட்டுக் கேனில் வந்தது. அதை ஊற்றிக் கொடுப்பது, நாற்காலி போடுவது, வெளியூர்க்காரர்களுக்குப் பாத்ரூம் காட்டுவது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் வேலை. நானும் எத்தனையோ சாவுக்குச் செய்திருக்கிறேன். அன்றைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய் நிற்கும்போது, என்னை யாராவது உட்காரவைத்து ஒரு டம்ளர் கொடுத்தால் தேவலை என்று இருந்தது. யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கணக்கில் நான் கொடுக்கிற ஆள். பின்வீட்டுப் பாட்டி மட்டும் சாயங்காலம் என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, "நீயும் கொஞ்சம் அழுதுக்கோ, போ" என்றார். அதற்குப் பிறகு இப்படி எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பக்கத்து வீட்டைத்தான் பார்க்கிறேன், யார் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று.

வேலைக்குப் போன் பண்ணினேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளி நேரம் வேறு. "சொந்தமாம்மா?" பக்கத்து வீட்டு அக்கா என்றேன். "அப்ப எடுத்ததும் வந்துருவீங்கள்ல?" அவரைச் சொல்லி என்ன, லீவுக்கு எழுதுகிற காரணத்தில் பக்கத்து வீடு எங்கே இருக்கிறது?

மறுநாள் சாயங்காலம் எடுத்தார்கள். யானைக்கல் தாண்டிப் பாலம் ஏறித் தத்தனேரிக்குப் போகும் வண்டி. எங்கள் பக்கம் பெண்கள் மயானம் வரை போவதில்லை, சந்து முனையோடு நின்றுவிட்டோம். வைகை ஆற்றைத் தாண்டி அக்கா என்னை விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை என்று அப்போது பட்டது. வருஷா வருஷம் அழகரை வரவேற்கிற எதிர்சேவைக்குத் தல்லாகுளம் போக இருவரும் பாலத்தில் நடப்போம், கூட்டத்தில் பிரியாமல் இருக்க என் முந்தானை நுனியை அவர் விரலில் சுற்றிக்கொள்வார், முடிச்சுப் போடுகிற மாதிரியே. 2020-இல் கொரோனாவில் அதுவும் இல்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தைக் கூட்டமே இல்லாமல் நடத்தினார்கள், நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். அவர் போனைப் பிடித்துக்கொள்ள, நான் புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டேன்.

திரும்பி வந்து வீடு கழுவிவிட்டேன். அவர் வாசலுக்கு நான் தண்ணீர் ஊற்றியது அன்றைக்குத்தான்.

இனி அந்தச் சங்கடமான விஷயம். அக்கா வீட்டுத் தாழ்ப்பாள் ஒரு குச்சிக்குத் திறக்கும் என்பதைச் சொன்னேனே, அதனால் அவருடைய இரண்டு பவுன் சங்கிலி என் பீரோவில்தான் இருந்தது. ஏடிஎம் கார்டும் என்னிடம், மாசாமாசம் நான்தான் பணம் எடுத்துக் கொடுப்பேன். மூன்றாம் நாள் எல்லாம் அடங்கிய பிறகு கொடுக்கலாம் என்று இருந்தேன். கொடுத்தபோது அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கூட்டத்தில், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு கார்டு நம்பர் முதற்கொண்டு உங்ககிட்ட இருக்கு?" என்றார். மகள் சண்டைக்குப் போய்விட்டாள். எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டதில் பாதி என் தப்பு. முதல் நாளே, பிள்ளைகளிடம் போனில் துக்கச் செய்தி சொல்லும்போதே, இன்னின்னது என்னிடம் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். யாருடைய நகையாவது சாவியாவது உங்களிடம் இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே அது அவர் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு பேரை வைத்துக்கொண்டு, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். சங்கடப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். செலவுக்கு அந்தக் கார்டில் எடுத்துக்கொள்ளலாமே என்று மகள் முதல் நாளே கேட்டாள், வேண்டாம் என்று என் கையிலிருந்து கொடுத்தேன். கணக்குக்காரர் இறந்த பிறகு அந்தக் கார்டில் பணம் எடுக்கக் கூடாது, பெற்ற பிள்ளையாக இருந்தாலும் நாமினியாக இருந்தாலும் சரி. இறப்புச் சான்றிதழைக் கொடுத்து முறையாக வாங்கிக்கொள்ள வேண்டும். அக்கா நாமினியாக வைத்திருந்தது 2006-இல் இறந்துபோன வீட்டுக்காரரை! மாற்றவே இல்லை. அதனால் இரண்டு பிள்ளைகளும் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் அலைந்தார்கள். மாசாமாசம் அந்த பேங்குக்குப் போனவள் நான், ஒரு நாள் கேட்டிருக்கலாம். நீங்கள் இன்றைக்கே உங்கள் பாஸ்புக்கையும் பக்கத்து வீட்டுப் பாஸ்புக்கையும் எடுத்துப் பாருங்கள்.

இறப்பை 21 நாளைக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் இல்லை. தள்ளிப்போனால் கட்டணம், அனுமதி என்று இழுக்கும், ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பதியும்போது பெயர், இனிஷியல் எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அக்கா பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பேங்கில் ஒரு மாதிரி இருந்தது. அதற்கு ஒரு தனி அலைச்சல்.

மாசம் மூன்று ஆகப்போகிறது. கை மட்டும் பழகவில்லை. குழம்பு கூடிப்போனால் சுவர்ப் பக்கம் கை போகிறது. ஒரு நாள் தட்டியேவிட்டேன், மூன்று தட்டு. பூட்டின வீடு. "67 வயசு, படுக்கையில விழாம போயிட்டாங்க, குடுத்து வச்சவங்க" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். உண்மைதான், நானும் மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், இனிமேல் சொல்வதாக இல்லை. எனக்கு உதவியது மகளோடு பேசியதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் போன் பண்ணுவாள், புளியோதரைக்கு அம்மா என்ன போடுவாள் என்று கேட்பாள், நான் அக்கா திட்டினதை எல்லாம் சொல்வேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அக்கா தலைமாட்டில் பாதி கட்டிய சேலை ஒன்று இருந்தது. ஐந்தாம் நாள் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டார், கொடுத்துவிட்டேன், அது அவர்கள் துணி. வேறு யாரோ மீதியைக் கட்டி முடித்திருக்கிறார்கள். சாயம் போட்டதும் எனக்குக் கொடுங்கள், முடிச்சைப் பிரிக்காமல் கொடுங்கள் என்று போய்ச் சொல்லிவைத்துக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். அரக்குக் கலர். முந்தானைப் பக்கத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தால் ஒரு இடம் வரை கடுகு கடுகாக நெருடுகிறது. அதற்கு அடுத்த வரிசையிலிருந்து கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் தளர்வு. குறை சொல்லவில்லை, என் வடைக்கு அது எவ்வளவோ மேல்.

முடிச்சைப் பிரிக்க ஆள் இரண்டு இருந்தால் நல்லது. முற்றத்தின் இரண்டு பக்கமும் நின்று ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் படபடவென்று நூல் தெறித்து விழும், அக்காவும் நானும் அப்படித்தான் பிரிப்போம், பிள்ளைகள் நூலைப் பொறுக்க ஓடிவருவார்கள். சேலை பீரோவில் சங்கிலி இருந்த தட்டில் இருக்கிறது. மகள் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வருகிறேன் என்றிருக்கிறாள், மறுமுனையைப் பிடிக்க.